பாரம்பரியக் குறிகளால் காளான் ரகங்களைப் பிரித்தறிதல்

நெல் விதை வாங்கச் செல்லும் விவசாயி ஒரு பிடி மணியை உள்ளங்கையில் கொட்டி, அதன் நிறத்தையும் பருமனையும் மூக்கையும் பார்த்து, இன்ன ரகம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார். கரும்புக் கரணையையும் வாழைக்கன்றையும் அவ்வாறே பார்த்து மதிப்பிடலாம். காளான் வித்து வாங்குகிறவருக்கோ இந்தச் சௌகரியம் சிறிதும் இல்லை. அவர் கையில் கிடைப்பது வேகவைத்த சோள மணிகளின்மேல் வெண்பஞ்சு போர்த்தாற்போல் காளான் இழை படர்ந்த ஒரு பை. உள்ளே இருப்பது சிப்பிக் காளானாயினும் பால் காளானாயினும் மொட்டுக் காளானாயினும் பார்வைக்கு எல்லாம் வெள்ளையே. ஒரே இனத்துக்குள் உள்ள இரண்டு ரகங்களைப் பையிலே வைத்துப் பிரித்தறிய, பழகிய கண்ணுக்கும் இயலாது. பையின்மேல் ஒட்டியுள்ள சீட்டை நம்புவதொன்றே வழி.

அந்தச் சீட்டு பொய்யானால் அது எப்பொழுது தெரியவரும்? சிப்பிக் காளானுக்கு வித்திட்டு ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து மொட்டு எழும்பும்போதுதான் தெரியும். மொட்டுக் காளானில் இன்னும் தாமதம். எருவைப் புளிக்கவைத்துப் பக்குவம் செய்ய மூன்று, நான்கு வாரம். வித்திட்டபின் முதல் அறுவடைக்கு மேலும் ஐந்து, ஆறு வாரம். அதற்குள் வைக்கோலும் தவிடும் கோழியெருவும் ஆட்கூலியும் செலவாகிவிடும். குடிலை வேறு காரியத்துக்கு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய வருமானமும் போய்விடும். ஆகவே வித்தைப் பையிலே இருக்கும்போதே இன்னது என்று அறியும் முறை ஒன்று இருக்கிறதென்பதையும், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் காளான் பயிரிடுவோர் தெரிந்துகொள்வது அவசியம்.

கிராம அதிகாரிகளுக்கு இம்முறையின் அடிப்படை புதியதன்று. பத்திரம் பதிவாகும்போது கையெழுத்துடன் கைரேகையையும் வாங்குவது ஏன்? பெயரை மாற்றிச் சொல்லலாம், கையெழுத்தைப் போலச் செய்யலாம், விரல் ரேகையை மாற்ற முடியாது. அதுபோல ஒவ்வோர் உயிரின் ஜீவ அணுக்களிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. தாய் தந்தையரின் குணங்கள் சந்ததிக்கு வருவது அதன் வழியாகத்தான். அவ்விழையின் சில இடங்கள் ரகத்துக்கு ரகம் வேறுபட்டிருக்கும். எல்லைக் கற்களைக் கொண்டு ஒரு புலத்தை அடையாளம் காண்பதுபோல, இவ்வேறுபாடுள்ள இடங்களைக் கொண்டு ரகத்தை அடையாளம் காணலாம். இவற்றையே பாரம்பரியக் குறிகள் என்கிறோம். எல்லைக் கல் நிலத்தின் வளத்தைச் சொல்லாது. இன்னாருடைய நிலம் என்பதை மட்டும் சொல்லும். பாரம்பரியக் குறியும் அப்படியே. இந்த உவமையை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டும், பின்னால் உதவும்.

பரிசோதனை நடைபெறும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். வித்திலிருந்தோ காளானின் உட்சதையிலிருந்தோ சிறிது எடுத்துக் கண்ணாடித் தட்டில் தனியே வளர்ப்பார்கள். நேராகச் சோள மணியை அரைத்தால் சோளத்தின் டி.என்.ஏ.வும் கலந்துவிடும் என்பதற்காகவே இப்படித் தனியே வளர்ப்பது. பிறகு இழையை நசுக்கி டி.என்.ஏ.வைப் பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் பி.ஸி.ஆர். என்னும் யந்திரத்தால் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்குவார்கள். அவற்றைக் கூழ்ப்பலகை ஒன்றில் இட்டு மின்சாரம் செலுத்தினால், சிறு துண்டுகள் விரைந்தும் பெருந்துண்டுகள் மெதுவாகவும் நகர்ந்து, ஏணிப்படிகள் போன்ற கோடுகளாக நிற்கும். இரண்டு வித்துகளின் கோடுகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட வேண்டியதுதான். ஒரு குறி இரண்டு ரகங்களிலும் ஒத்திருப்பது தற்செயலாகவும் நிகழலாம். ஆனால் ரகங்களைப் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கக்கூடிய தனித்தனிக் குறிகள் பத்து இருக்குமானால், உறவில்லாத இரண்டு ரகங்கள் அப்பத்திலும் தற்செயலாக ஒத்துப்போவதற்கு 1,024-ல் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. உறவில்லாத என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினோம். உறவுள்ள ரகங்களில் இந்தக் கணக்குச் செல்லாது. மொட்டுக் காளானின் விஷயத்தில் சங்கடம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மொட்டுக் காளான் பிரான்ஸ் தேசத்தில் பாரிஸ் நகரத்தையடுத்த கற்சுரங்கங்களில் பெரிதும் பயிராகி வந்தது. 19-ம் நூற்றாண்டின் இறுதிவரை வித்து என்பது பழைய பாத்தியிலிருந்து வெட்டியெடுத்த இழை படர்ந்த எருக்கட்டிதான். அதில் நோயும் பூச்சியும் சேர்ந்தே வரும். 1893-ம் வருஷத்தையொட்டிப் பாரிஸிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் தூய வித்துத் தயாரிக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் டக்கர் என்பவர் 1905-ல் காளானின் சதைத் துணுக்கிலிருந்தே தூய வித்தை வளர்க்கலாமென்று காட்டினார். அந்நாட்டுக் காளானில் பாதிக்குமேல் இன்றும் விளைவிக்கும் பென்ஸில்வேனியாவில், 1920-களின் நடுவில், பழுப்பு நிறக் காளான் பாத்தி ஒன்றில் தூய வெண்ணிறக் காளான் சில திடீரென்று முளைத்தன. அதைப் பிரித்து வளர்த்ததே உலகெங்கும் பரவிய வெள்ளைக் காளானின் தொடக்கம். 1932-ல் அதே ராஜ்யத்துக் கல்லூரியைச் சேர்ந்த ஸிண்டன் என்பவர் தானிய மணிகளின்மேல் வித்து வளர்க்கும் முறைக்குப் பேடண்ட் பெற்றார். இன்று நம் ஊர்ச் சோள மணி வித்தும் அம்முறையின் வழிவந்ததேயாகும்.

இத்தனை முன்னேற்றத்துக்குப் பிறகும், இரண்டு ரகங்களை மணம்செய்வித்துக் கலப்பு ரகம் உண்டாக்குவது நெடுங்காலம் கைகூடவில்லை. காரணம் இக்காளானின் விசித்திரமான வமிச முறை. பெரும்பாலான காளான்கள் குடையின் அடியிலுள்ள ஒவ்வொரு காம்பிலும் நான்கு விதைத்தூள்களை உண்டாக்கும். ஒவ்வொன்றும் தனித்துப் பயன் தராது. வேறொன்றின் இழையோடு சேர்ந்த பிறகே காளான் விடும். மொட்டுக் காளானிலோ பெரும்பாலும் இரண்டே விதைத்தூள். ஒவ்வொன்றிலும் இரண்டு உட்கருக்கள். ஆகையால் ஒரு விதைத்தூள் முளைத்தாலே துணை தேடாமல் காளான் விட்டுவிடும். மாற்றுரகத்தோடு சேர அதற்கு அவசியமே இல்லை.

இதைக் குடும்பச் சொத்தின் மூலம் விளக்கலாம். தாய்க் காளானின் சொத்து இரண்டு பங்குகளாக இரண்டு உட்கருக்களில் இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் 13 நிலங்கள். அவையே 13 குரோமோஸோம்கள். சந்ததி உண்டாகும்போது நிலங்கள் பங்குக்குப் பங்கு மாறுகின்றன. ஆனால் மாறிய இரண்டு பங்குகளும் மறுபடி ஒரே விதைத்தூளுக்குள் சேர்ந்து விடுவதால், பிள்ளைக்கு வருவது தாயின் சொத்து முழுவதுமே. நிலத்துக்குள் வரப்பு வெட்டி மாற்றிக் கொள்வதும் இக்காளானில் பெரும்பாலும் குரோமோஸோமின் ஓரங்களிலே மட்டும் நடக்கிறது. ஆகவே மகள் ரகத்தைப் பரிசோதித்தால் தாயின் கோடுகளே ஏறக்குறைய முழுவதும் தென்படும். தாய்க்கும் மகளுக்கும் வேறுபாடு காண வேண்டுமாயின் குரோமோஸோமின் ஓரங்களில் குறி தேட வேண்டும். அல்லது ஜீவ அணுக்களின் சுவரைக் கரைத்து, இரண்டு உட்கருக்களையும் தனித்தனியே வளர்த்து, எந்த நிலம் எந்தப் பங்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது முறை சாதாரணப் பரிசோதனைச் சாலையில் எளிதாகச் செய்யக்கூடியதன்று.

நான்கு விதைத்தூள் தாங்கும் காம்புகளும் அபூர்வமாக இக்காளானில் உண்டு. அவற்றிலிருந்து வரும் ஒற்றை உட்கரு வமிசங்களைப் பொறுமையுடன் தேடிப் பிடித்து, ஹாலந்து தேசத்தில் ஹோர்ஸ்ட் என்னும் ஊரிலிருந்த காளான் ஆராய்ச்சி நிலையத்தில் கெர்டா பிரிட்ஷே அம்மையார் உண்டாக்கியவையே யூ 1, யூ 3 என்ற கலப்பு ரகங்கள். தூய வெள்ளை ரகம் ஒன்றும் மங்கல் வெள்ளை ரகம் ஒன்றும் அவற்றின் பெற்றோர். 1980-ம் வருஷத்தையொட்டி அவை வெளியிடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே பழைய ரகங்கள் பெரும்பாலும் பண்ணைகளிலிருந்து மறைந்தன. யூ 3 நம் நாட்டு மொட்டுக் காளான் பண்ணைகளுக்கும் வந்து சேர்ந்தது.

கலப்பு ரகம் வெற்றி பெற்ற பிறகு வித்து வியாபாரிகள் பலர் தத்தம் பெயரும் எண்ணும் இட்டுப் புதிய ரகங்களை விற்கத் தொடங்கினர். குடை சற்றுப் பெரியது, அறுவடை இரண்டு நாள் முந்தியது, எடை கூடுதலானது என்றெல்லாம் விளம்பரம் வந்தது. வாங்கியவர்கள் இவை பலவகை ரகங்கள் என்றே நம்பினர்.

அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் கருவிகளும் அதே காலத்தில் வளர்ந்துகொண்டிருந்தன. 1982-ல் பென்ஸில்வேனியா ராஜ்யக் கலாசாலையின் ராய்ஸ், மே என்ற இருவர், காளானில் ஒரே வேலையைச் செய்யும் நொதிப்பொருள்கள் ரகத்துக்கு ரகம் மின்சாரத்தில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் கொண்டு, வியாபார ரகங்களை வகுத்துப் பார்த்தனர். பெயர்கள் பலவாக இருந்தன, வகுப்புகளோ சிலவே. 1987-ல் கானடாவின் டொராண்டோ கலாசாலையைச் சேர்ந்த காஸில், ஹார்கன், ஆண்டர்ஸன் ஆகியோர் டி.என்.ஏ.வையே வெட்டி அதன் துண்டுகளின் நீளத்தை ஒப்பிடும் முறையை மொட்டுக் காளானுக்குக் கொண்டுவந்தனர். இம்முறையால், கலப்பு மணம் உண்மையில் நடந்ததா அல்லது ஒரு பெற்றோரின் இழையே தனித்து வளர்ந்து ஏமாற்றுகிறதா என்பதையும் அறிய முடிந்தது. ரகம் உண்டாக்குவோருக்கு இது பெரிய உபகாரம். 1992-ல் பி.ஸி.ஆர். முறையில் விரைவாகக் கோடு எடுக்கும் வழி இக்காளானுக்குப் பயன்படுத்தப்பட்டது. அதற்கடுத்து, சிறு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. இடங்களைக் குறியாகக் கொள்ளும் மைக்ரோஸாடலைட் முறை 2009-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களால் விரிவாக வெளியிடப்பட்டது. 2012-ல் மொட்டுக் காளானின் டி.என்.ஏ. முழுவதும் எழுத்தெழுத்தாக வாசிக்கப்பட்டது. அதற்கு எடுத்துக்கொண்ட வமிசங்களுள் ஒன்று யூ 1-ன் ஓர் உட்கருவே. இப்பொழுது ஒற்றை எழுத்து மாற்றத்தையும் குறியாகக் கொள்ளலாம்.

முறைகளில் ஒன்றன்பின் ஒன்றாக நுணுக்கம் கூடிற்று. கிடைத்த விடையோ மாறவில்லை. உலகச் சந்தையில் விற்கும் வெள்ளை மொட்டுக் காளான் ரகங்கள் ஏறக்குறைய யாவும் யூ 1-ன் நகலாகவோ அதற்கு மிக நெருங்கிய சந்ததியாகவோ இருக்கின்றன என்று ஹாலந்து ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் எழுதினார்கள். காரணத்தை மேலே சொன்னோம்: யூ 1-ன் விதைத்தூளை முளைக்கவைத்தால் வருவது பெரும்பாலும் மறுபடி யூ 1 போன்றதே. புதிய கலப்புக்குப் பல ஆண்டு உழைக்க வேண்டும்; நகலுக்கு ஒரு காளானும் ஒரு கண்ணாடித் தட்டும் போதும்.

இதனால் விவசாயிக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நல்ல ரகம் ஒன்றே போதாதா? சாதாரண நாளில் போதும். நோய் வரும் நாளில் போதாது. ஒரு ஜில்லா முழுவதும் ஒரே நெல் ரகம் நட்ட வருஷத்தில் குலை நோய் வந்தால் என்ன ஆகும் என்பதை நம் மிராசுதார்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காளானில் அப்படிப்பட்ட சோதனை 1980-களின் நடுவில் அயர்லாந்திலும், 1990-களின் முற்பகுதியில் வட அமெரிக்காவிலும் வந்தது. டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூஞ்சணம் எருவுக்குள் புகுந்து, காளான் இழையைப் படரவொட்டாமல் பாத்திகளைப் பச்சையாக்கியது. பலமாக அடிபட்டவை வெள்ளைக் கலப்பு ரகங்கள். பழுப்பு ரகங்கள் கூடுதலாகத் தாங்கின. தாங்கும் குணத்தை வெள்ளை ரகத்துக்குக் கொண்டுவரலாமென்றால் வேறொரு தடை குறுக்கிடுகிறது: வெண்மை அடங்கும் குணம், பழுப்பு மேலோங்கும் குணம். இரண்டு பங்கிலும் வெண்மைக் கூறு இருந்தால்தான் குடை வெளுக்கும். இக்கூறு எட்டாவது குரோமோஸோமில் இருக்கிறதென்று கண்டிருப்பதால், அதன் அருகிலுள்ள குறியைப் பார்த்து, காளான் விடுமுன்பே வெள்ளைக்கு உதவும் வமிசங்களைப் பொறுக்கி எடுக்கலாம். பாரம்பரியக் குறி வித்தின் அடையாளத்துக்கு மட்டுமல்லாமல் ரகம் உண்டாக்கவும் பயன்படுவது இவ்வாறுதான்.

இந்தப் பச்சைப் பூஞ்சணத்தின் விஷயத்திலும் குறிகளே வழிகாட்டின என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாத்திகளில் எப்பொழுதும் சிறிது டிரைக்கோடெர்மா இருக்கத்தான் செய்யும். அது எல்லாப் பாத்தியையும் அழிப்பதில்லை. பிரிட்டிஷ் தீவுகளின் காளான் எருவிலிருந்து எடுத்த பூஞ்சணங்களை டி.என்.ஏ. குறிகளால் பிரித்து, அவை மூன்று வகுப்பாக இருக்கின்றனவென்றும், அவற்றுள் எருவை மூர்க்கமாகப் பிடிப்பது ஒன்றே என்றும் காட்டிய ஆராய்ச்சி 1994-ல் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் பெயர் முத்துமீனாட்சி. நம் வாசகர்களுக்கு அந்தப் பெயர் அயலாகத் தோன்றாது. வட அமெரிக்காவில் கண்டது நான்காவது வகுப்பு. இவ்விரண்டு தீய வகுப்புகளும் 2002-ல் தனிச் சாதியாகப் பெயரிடப்பட்டன. எதிரி இன்னான் என்று தெரிந்த பிறகுதான் அவன் எவ்வழி வருகிறான் என்று தேட முடிந்தது.

ரகங்களின் குறுகிய வமிசத்தை விரிவாக்கக் காட்டுக் காளான்களைத் தேடிச் சென்றவர்களுள் கெரிகன் என்ற அமெரிக்கர் முக்கியமானவர். கலிபோர்னியாவின் பாலைவனத்தில், நம் சீமைக்கருவேலுக்கு உறவான மெஸ்கீட் மரங்களின் சருகில், நான்கு விதைத்தூள் தாங்கும் மொட்டுக் காளான் வகை ஒன்று கிடைத்தது. 1993-ல் அதற்குத் தனிப்பெயர் இடப்பட்டது. நான்கு விதைத்தூள் உள்ளமையால் அதை எளிதாக மணம்செய்விக்கலாம். அதில் வரப்பு மாற்றம் குரோமோஸோம் ஓரத்தோடு நில்லாமல் நடுவிலும் நிகழ்கிறது. ரகம் உண்டாக்குவோருக்கு இது கிடைத்தற்கரிய பொருள். ஆனால் காட்டில் கிடைப்பதெல்லாம் காட்டுக் காளான் அல்ல. 1995-ல் கானடாவைப் பற்றி வெளிவந்த ஆராய்ச்சியில், அந்நாட்டுக்கே உரிய காளான்களோடு ஐரோப்பாவிலிருந்து பயிருடன் வந்து பரவிய வமிசங்களும் காணப்பட்டன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, பிரித்தவை குறிகள். பண்ணையின் விதைத்தூள் காற்றில் பறந்து காட்டில் முளைத்துச் சுதேச வமிசத்தோடு கலந்தால், பின்னால் தேடும்போது அசல் கிடைக்காமற் போகும் என்ற கவலை இதனாலேயே எழுந்தது.

நிற்க. குறி ஒத்திருந்தால் ரகம் ஒன்று என்று முடிவு செய்து, விளைச்சலும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முன்சொன்ன எல்லைக் கல்லை நினைத்துக்கொள்க. ஒரே தாய் இழையைத் தட்டிலிருந்து தட்டுக்குப் பலமுறை மாற்றிக்கொண்டே போனால் அதன் வீரியம் குறையும்; இழை பஞ்சாகத் திரண்டு மொட்டு விடாமல் நிற்கும். குறிகளோ அப்படியே இருக்கும். வைரஸ் நோய் புகுந்த இழையிலும் காளானின் கோடுகள் மாறுவதில்லை. 1948-ல் பென்ஸில்வேனியாவில் முதன்முதல் கவனிக்கப்பட்ட லா பிரான்ஸ் என்ற நோய் வைரஸால் வருவது. அதைக் கண்டுபிடிக்க வைரஸுக்கென்றே தனிப் பரிசோதனை வேண்டும். ஆகையால் வித்து விற்பவர் பரிசோதனைச் சீட்டைக் காட்டி, எங்கள் வித்து அசல் ரகம், ஆதலால் விளைச்சலுக்கு ஜவாப்தாரி நாங்கள் என்று சொன்னால், முதற்பாதியை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

இதற்கு மறுதலையாக, குறிகள் ஓரிரண்டு வேறுபட்டதனால் புதிய ரகம் என்று உரிமை கொண்டாடுவதும் சரியன்று. ரகங்களின் உரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 1991-ம் வருஷத்துச் சட்டம், ஒரு ரகத்திலிருந்து சாராம்சத்தில் பெறப்பட்டதாகவே இருக்கும் புது ரகத்தை முதல் ரகத்துக்காரரின் அனுமதியின்றி விற்கலாகாது என்று சொல்கிறது. ஐரோப்பாவில் காளான் ரகங்களுக்கும் இவ்வுரிமை வழங்கப்படுகிறது. மற்றப் பயிர்களில் தாயின் குறிகளைப் பெருமளவு சுமக்கும் ரகம் நகல் என்று சந்தேகிக்கப்படும். மொட்டுக் காளானிலோ நேர்மையாகப் பொறுக்கி எடுத்த சந்ததியும் தாயின் குறிகள் ஏறக்குறைய முழுவதையும் சுமக்கிறது. எத்தனை பங்கு ஒத்தால் நகல், எத்தனை வேறுபட்டால் புதியது என்று கோடு கிழிப்பது இங்கே கடினம். அமெரிக்காவின் ரகப் பாதுகாப்புச் சட்டம் பூஞ்சணங்களை விலக்கியே வைத்திருப்பதால், அங்கு ரகம் உண்டாக்குவோர் பேடண்ட் சட்டத்தை நாடுகின்றனர். எம் கருத்தில், குறிகள் சாட்சியாக நிற்கட்டும். தீர்ப்பு, இரண்டு வித்தையும் ஒரே குடிலில் ஒரே எருவில் அடுத்தடுத்து வளர்த்துப் பார்த்த பிறகே அமைய வேண்டும்.

நம் ஜில்லாக்களில் பெரும்பாலோர் பயிரிடும் சிப்பிக் காளானுக்கு மேற்சொன்ன சங்கடம் இல்லை. அதன் விதைத்தூள் துணை தேடி மணப்பதால் சந்ததிகள் தம்முள் மிகவும் வேறுபடும். சில குறிகளாலேயே ரகம் பிரியும். ஆனால் இங்கே பெயர்க் குழப்பம் வேறு விதத்தில் வந்தது. இமயமலையடிவாரத்துக் கள்ளிச்செடி ஒன்றின்மேல் வளர்ந்த சாம்பல் நிறக் காளானை ஜாண்டைக் என்பவர் 1974-ல் பயிருக்குக் கொண்டுவந்தார். சாஜோர்-காஜு என்ற பெயருடன் அது இந்தியா முழுவதும் பரவியது. இன்றும் பல வித்துப் பைகளில் அப்பெயரே காணப்படுகிறது. உண்மையான சாஜோர்-காஜுவோ தண்டில் மோதிரம் போன்ற வளையம் உடைய வேறொரு காளான். சிப்பிக் காளான் சாதியிலேயே சேராதது. மணச் சோதனையும் டி.என்.ஏ. சோதனையும் நாம் பயிரிடுவது புல்மோனேரியஸ் என்ற சிப்பிக் காளானே என்று காட்டின. பெயர் மாறியதால் விளைச்சல் குறையவில்லை. ஆயினும் ஓர் ஆராய்ச்சிக் குறிப்பில் படித்த பக்குவத்தைப் பெயரொற்றுமையை நம்பி இன்னொரு காளானுக்குச் செய்தால் பிழைபடும்.

வைக்கோல் காளானைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை விவசாய இலாகாவின் பூஞ்சண நிபுணர் கே. எம். தாமஸும் அவருடைய கூட்டாளிகளும் கோயம்புத்தூரில் இதைப் பயிரிட்டு, 1943-ல் முறையை வெளியிட்டார்கள். சுவையில் இதற்கு இணை அரிது. ஆனால் இதன் இழையைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் செத்துவிடும். ஆகையால் அடிக்கடி புதிய தட்டுக்கு மாற்றியே உயிரோடு காக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சீட்டு மாறிப்போகவும் வீரியம் குறையவும் இடமுண்டு. வருஷத்துக்கொரு முறையேனும் மூல இழையின் குறிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இக்காளானுக்கு மற்றவற்றைவிட அதிக அவசியம்.

இனி விவசாயிகள் தம் அளவில் செய்யத்தக்கவை. வித்து வாங்கும்போது ரகத்தின் பெயர், தயாரித்த தேதி, தொகுதி எண் மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குக. வாய்ப்பேச்சு பிறகு உதவாது. அருப்புக்கோட்டையில் உண்டாக்கிய ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் போன்ற இலாகா ரகமாயின், தாய் வித்து எங்கிருந்து பெறப்பட்டது, அதிலிருந்து எத்தனையாவது முறை மாற்றியது இந்தப் படுக்கை வித்து என்று கேட்பதில் தவறில்லை. நல்ல வித்து உற்பத்தியாளர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். புதிய இடத்தில் வாங்கிய வித்தைக் குடில் முழுவதும் போட்டுவிடாமல், முதலில் பத்துப் படுக்கையில் பார்த்துக்கொள்க. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சிறு பையைப் பிரிக்காமல், எழுதிய சீட்டுடன், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் அறுவடை முடியும்வரை வைத்திருக்க வேண்டும்.

விளைந்தது வேறு ரகம் என்று சந்தேகம் வந்தால், உடனே படுக்கைகளை அவிழ்த்து எருக்குழியில் கொட்டிவிட வேண்டாம். புதிதாய்ப் பறித்த காளான் இரண்டு மூன்றை நீளவாட்டில் கிழித்து, நிழலில் நன்றாய் உலர்த்திக் காகித உறையில் இடுக. பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் இரண்டே நாளில் அழுகி, பரிசோதனைக்கு உதவாமற் போகும். உறையின்மேல் தேதி, குடிலின் இடம், தொகுதி எண் ஆகியவற்றை எழுதி, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் ஒட்டி, இருவர் சாட்சிக் கையெழுத்துப் பெறுவது நலம். அதைப் போலவே இரண்டாவது உறை ஒன்றைத் தம்மிடமும் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிக்காத வித்துப் பையும் உலர்ந்த காளானும் சேர்ந்து சென்றால்தான், பையில் இருந்தது என்ன, படுக்கையில் வந்தது என்ன என்ற இரண்டு கேள்விக்கும் பரிசோதனைச் சாலையார் விடை சொல்ல முடியும். காளான் மட்டும் சென்றால், வேறு குடிலிலிருந்து பறித்தது என்று விற்றவர் சொல்வதை மறுக்க வழியிராது.